மலையில் வீடு, நீர், கழிவு: நீலகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி பக்கத்து ஹட்டிகளுக்கும் (படகர் ஊர்கள்) லைன் வீடுகளுக்கும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) சுகாதார வேலையாகப் போகும்போதெல்லாம் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சமவெளிக்கு எழுதிய சுகாதாரக் குறிப்புகளில் பாதி நமக்குப் பொருந்தாது. இங்கே குளிர் உண்டு, மாதக்கணக்கில் ஈரம் உண்டு, பெரும்பாலான வீடுகளுக்கு மேலே ஒரு வீடும் கீழே ஒரு வீடும் உண்டு.

ஜன்னலைத் திறந்தா வீடே ஐஸ் ஆயிடுது. எல்லாத்தையும் சாத்தி வைக்கிறதுதானே நல்லது?

குளிரை உள்ளே விடாமல் இருக்க வேண்டும் என்பது சரிதான். குளிர் பிரதேசங்களில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2018-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் நாள் முழுக்கச் சாத்திய வீட்டில் குளிரை விட மோசமான ஒன்று தங்கிவிடுகிறது, ஈரம். நாம் விடும் மூச்சு, சோறு வடிக்கும் ஆவி, குளிக்கும் வெந்நீர், உள்ளே காயப்போட்ட துணி எல்லாமே காற்றில் தண்ணீரைச் சேர்க்கின்றன. கேஸ் அடுப்பு எரிந்தாலும் நீராவி வரும். அது வெளியே போக வழி இல்லையென்றால் சுவரிலும் மெத்தையிலும்தான் இறங்கும்.

வெயில் எட்டிப் பார்க்கும் நேரத்தில், பெரும்பாலும் காலை பத்து பதினொரு மணிக்கு மேல், எதிரெதிர் ஜன்னல்களை அரை மணி நேரமாவது திறந்து வையுங்கள். மிஸ்ட் இறங்குவதற்கு முன் சாத்திவிடுங்கள். சமைக்கும்போதும் குளித்த பிறகும் அந்தந்த அறை ஜன்னலை மட்டும் திறந்தால் போதும். மழை விடாத வாரங்களில் சுவர் உச்சியில் உள்ள வெண்டிலேட்டர்தான் கை கொடுக்கும். அதில் அட்டையோ பழைய துணியோ அடைத்து வைக்காத வீடு அபூர்வம்! இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அப்போ ஜன்னல் எவ்வளவு பெரிசா இருக்கணும்?

தேசியக் கட்டட விதித் தொகுப்பு குளிர் பிரதேசத்துக்குத் தரைப்பரப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்கிறது. பத்துக்குப் பத்து அறைக்கு மூன்றடிக்கு மூன்றடி ஜன்னல் ஒன்று போதும். புதிதாகக் கட்டுகிறவர்கள் வெயில் விழும் பக்கம் பார்த்து வையுங்கள். பள்ளத்தாக்கு அழகாகத் தெரிகிறது என்று சாரல் அடிக்கும் பக்கம் பெரிய ஜன்னல் வைத்தால், வருஷத்தில் பாதி நாள் அதைத் திறக்கவே முடியாது.

வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறோம், சுவர்ல கறுப்புப் பூசணம் திரும்பத் திரும்ப வருதே?

பெயின்ட் பூசணத்தை மறைக்கும், ஈரத்தை நிறுத்தாது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். ஒன்று, மேலே சொன்ன வீட்டுக்குள் உண்டாகும் ஈரம். சூடான சாதத்தை மூடிய தட்டின் அடியில் நீர் முத்துவது போல அது குளிர்ந்த சுவரில் முத்தாக நிற்கும். இரண்டு, வெளியே மண்ணிலிருந்து சுவருக்குள் ஏறும் ஓதம். மூன்று, ஓடு அல்லது ஷீட் ஒழுகல்.

இதைச் சோதிக்கச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. ஈரச் சுவரில் ஓர் இடத்தைத் துடைத்து உலரவிட்டு, ஒரு சாண் அளவுக்கு அலுமினியத் தாளையோ பிளாஸ்டிக் தாளையோ வைத்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். நம்மைப் பார்த்த பக்கம் நீர் முத்தியிருந்தால் வீட்டுக்குள் இருக்கும் ஈரம். பிரித்துப் பார்க்கும்போது சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் வெளியிலிருந்து வரும் ஓதம். முதலாவதற்குக் காற்றோட்டம்தான் மருந்து. இரண்டாவதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

இருக்கிற பூசணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். அந்தத் தூள் மூச்சில் போனால் வீசிங் உள்ள குழந்தைகளுக்கு அன்றிரவே இழுப்பு வரலாம். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பில் பூசணம் எளிதில் பிடிக்காது, சுவரும் மூச்சு விடும். பிளாஸ்டிக் பெயின்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். கட்டிலையும் பீரோவையும் சுவரை விட்டு ஒரு கையளவு தள்ளிப் போடுங்கள்.

முன்பக்கம் நல்லா இருக்கு. பின்சுவர் மட்டும் எப்பவும் ஈரம். ஏன்?

மண்ணை வெட்டித் தளம் எடுத்துக் கட்டிய வீடுகளில் இது அநேகமாக எல்லோருக்கும் உண்டு. வெட்டிய மேட்டை ஒட்டியே பின்சுவர் நிற்கும். மழைக்கு மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீருக்குப் போக இடமில்லாமல் சுவருக்குள் புகும். உள்ளே எத்தனை பூச்சு பூசினாலும் வீண் செலவு.

மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நடக்கும் அளவுக்கு இடைவெளி வேண்டும். அதில் சிமென்ட் வாய்க்கால் கட்டி, தண்ணீரைப் பக்கவாட்டில் கொண்டுபோய்ப் பொது வடிகாலில் விட வேண்டும். தடுப்புச்சுவர் இருந்தால் அதில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்கின்றனவா, இலையும் மண்ணும் அடைத்திருக்கிறதா என்று வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பாருங்கள். கூடலூர், பந்தலூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஜூனில் தென்மேற்கு மழை பிடித்துவிடும், மே மாதத்திலேயே முடித்துவிட வேண்டும். தண்ணீர் வடியாத தடுப்புச்சுவர் ஒருநாள் வீட்டின் மேலேயே சாயும். 2009 நவம்பர் மழையில் இந்த மலை பார்த்த மண்சரிவுகளை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

ஏற்கெனவே ஒட்டிக் கட்டியாயிற்று என்றால், மேட்டின் உச்சியிலாவது ஒரு வாய்க்கால் வெட்டி மேலே வரும் தண்ணீரைத் திருப்புங்கள். மேட்டை மேலும் செதுக்கி இடம் எடுக்கும் வேலையை உங்கள் யோசனைப்படி செய்யாதீர்கள். மலையில் ஜேசிபி வைத்து மண் வெட்ட அனுமதி வேண்டும் என்ற விதி இருப்பதே அதற்காகத்தான்.

ராத்திரி கரிச்சட்டி வெச்சுக் குளிர் காயறோம். புகையே வராத கரிதான். அதுல என்ன ஆபத்து?

புகை நின்று செக்கச்செவேல் என்று கனலும் கரிதான் ஆளைக் கொல்லும். புகை வந்தால் கண் எரியும், இருமுவோம், எழுந்து கதவைத் திறப்போம். கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜனைச் சுமக்கும் ரத்தச் சிவப்பணுவில் அது ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் மயக்கம், குமட்டல். தூங்குகிறவருக்கு இந்த அறிகுறிகள் எதுவுமே தெரியாது.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறைக்குள் கரியை வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தி மறுபடி மறுபடி வருகிறது. ஜன்னலை ஓர் அங்குலம் திறந்தால் போதும் என்பதை நம்பாதீர்கள். படுக்கும் அறைக்குள் கரிச்சட்டி வேண்டவே வேண்டாம். வாசலில் காய்ந்துவிட்டு அங்கேயே தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள். படுக்கையில் வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அறையில் இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போலத் தலைவலி வந்தால் குளிர்க்காய்ச்சல் என்று போர்த்திப் படுக்காதீர்கள். எல்லோரும் உடனே வெளியே வந்து, 108-ஐக் கூப்பிடுங்கள்.

பாத்ரூம்ல கேஸ் கீசர் வெக்கலாமா?

கூடாது. மேலே சொன்ன அதே வாயுதான் காரணம், அதுவும் இன்னும் சின்ன அறையில். கீசரை வெளிச்சுவரில் மாட்டி, குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். விறகு பாய்லரும் வெளியேதான் இருக்க வேண்டும்.

விறகடுப்புப் புகை வீட்டுக்கு நல்லது, பூச்சி வராதுன்னு எங்க பாட்டி சொல்வாங்களே?

பாட்டி காலத்து வீட்டில் ஓட்டு இடுக்கு வழியாகப் புகை போய்விடும். உத்திரத்தில் பூச்சி அரிக்காமல் இருந்ததும் உண்மை. இன்றைக்குக் காங்கிரீட் கூரைக்குக் கீழே அதே அடுப்பை மூட்டினால் புகை எங்கே போகும்? அடுப்படியில் நிற்கும் பெண்களின் நெஞ்சுக்குள்தான். தீராத இருமல், குழந்தைகளுக்கு நிமோனியா, கண்புரை எல்லாவற்றோடும் விறகுப்புகைக்குத் தொடர்பு உண்டு. கேஸ் இருந்தும் வெந்நீருக்கும் குளிருக்கும் விறகு தேவைப்படுகிறது என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் கூரைக்கு மேலே நீட்டிய புகைப்போக்கி வேண்டும், காய்ந்த விறகு வேண்டும். ஈர விறகுதான் புகையில் பாதி.

ஊத்துத் தண்ணி மலையிலிருந்து நேரா வருது. அதைவிடச் சுத்தம் என்ன இருக்கு?

ஊற்றுக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். முன்பு சோலையாக இருந்த இடத்தில் இப்போது வீடு, கழிப்பறைக் குழி, மருந்தடிக்கும் காய்கறித் தோட்டம், மாட்டுக் கொட்டகை ஏதாவது ஒன்று இருக்கும். தெளிவாக இருப்பதும் சில்லென்று இருப்பதும் சுத்தத்துக்கு அடையாளம் ஆகாது. ஊற்றைச் சுற்றி வேலி போட்டு, வாயை மூடிக் கட்டி, குழாய் வழியாக மட்டும் தண்ணீர் எடுங்கள். துணி துவைப்பது கீழ்ப்பக்கம் தள்ளி இருக்கட்டும்.

மழைக்கு முன்னும் பின்னும் தண்ணீரைச் சோதிப்பது நல்லது. ஊராட்சிகளில் இருக்கும் சோதனைப் பெட்டியில் ஒரு சின்ன பாட்டில் வரும். தண்ணீரை அதில் நிரப்பி ஓரிரு நாள் வைத்தால், மலக்கிருமி கலந்திருந்தால் கறுத்துவிடும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலும் கொடுத்துப் பார்க்கலாம்.

ஊட்டியில நூறு டிகிரி வரைக்கும் தண்ணி சூடாகாதாம். அப்போ கொதிக்க வெச்சாலும் கிருமி சாகாதா?

நல்ல கேள்வி, பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பயப்பட வேண்டாம், வயிற்றுப்போக்கும் டைபாய்டும் தரும் கிருமிகள் அதற்கு வெகு கீழேயே செத்துவிடும். நேரம் மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். சமவெளியில் தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும் என்பார்கள், 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிஷம். குமிழி வந்த உடனே அணைப்பதும், வெதுவெதுப்பாக்கிக் குடிப்பதும் கணக்கில் வராது. ஆறிய தண்ணீரை அதே பாத்திரத்தில் மூடி வையுங்கள்.

எங்களுக்குப் பத்து நாளைக்கு ஒருவாட்டிதான் தண்ணி வருது. டிரம்மில பிடிச்சு வெச்சது கெட்டுப்போகாதா?

கோடையில் குன்னூர்க்காரர்கள் படும் பாடு இது. குடிக்க ஒன்று, புழங்க ஒன்று என்று டிரம்மைப் பிரித்து வையுங்கள். குடிக்கும் டிரம்மில் கை படக் கூடாது, குழாய் வைத்த டிரம் அல்லது நீளக் காம்பு வைத்த அகப்பை வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 4 முதல் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் அளவு, புது பிளீச்சிங் பவுடர். அதை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்ததை மட்டும் ஊற்றி, அரை மணி கழித்துப் பயன்படுத்துங்கள். கலங்கல் தண்ணீர் என்றால் முதலில் தெளியவைத்து வடிகட்ட வேண்டும், மண் குளோரினைத் தின்றுவிடும். திறந்து கிடந்த பழைய பவுடரில் சக்தியே இருக்காது.

மூடி இறுக்கமாக இருக்கட்டும். ஊட்டிக் குளிரில் கொசு குறைவு என்றாலும் குன்னூர், கூடலூர் பக்கம் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு டிரம்மில்தான் முட்டையிடும். வாரம் ஒருமுறை டிரம்மின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று, பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் சேர்த்துக் கொட்டாதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் புண்ணாக்கிவிடும்.

எங்க செப்டிக் டேங்க் பதினஞ்சு வருஷமா நிரம்பவே இல்ல. நல்லாக் கட்டியிருக்காங்க இல்ல?

இதைப் பெருமையாகச் சொல்பவர்களிடம் நான் பொறுமையாக உட்கார்ந்து பேசுவேன், ஏனென்றால் இதில்தான் மலையின் பெரிய ஆபத்து இருக்கிறது. ஒழுங்கான செப்டிக் டேங்கில் அடியில் கசடு படிந்துகொண்டே இருக்கும், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வைத்து எடுத்தே ஆக வேண்டும். சமவெளியை விட இங்கே குளிரில் கசடு மெதுவாகத்தான் மட்கும். அப்படியும் நிரம்பவில்லை என்றால், அடியில் காங்கிரீட் போடாமல் விட்டிருக்கிறார்கள், அல்லது எங்கோ விரிசல். கழிவெல்லாம் மண்ணுக்குள் இறங்கிக் கீழே போகிறது. கீழே யாருடைய ஊற்று இருக்கிறது?

சிலர் டேங்கின் வெளிக்குழாயை ஓடையில் விட்டிருக்கிறார்கள். ஊட்டியில் கோடப்பமந்து கால்வாய் சுமந்து வருவது ஏரிக்குப் போகிறது. குன்னூர் ஆற்றில் விழுவது பவானிக்குப் போகிறது. டேங்கிலிருந்து வழியும் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் கிருமி அப்படியே இருக்கும், அதைக் கல் நிரப்பிய சோக் பிட்டில்தான் (உறிஞ்சு குழி) விட வேண்டும்.

புதுசாக் கட்டுறோம். செப்டிக் டேங்கா, ரெட்டைக் குழியா? எங்க இடம் சரிவு.

லாரி வர ரோடு இல்லாத ஹட்டிக்குச் செப்டிக் டேங்க் கட்டிப் பயனில்லை, எடுக்கவே முடியாது. மண் தண்ணீரை உறிஞ்சுகிற இடமாக இருந்தால் இரட்டைக் குழி நல்லது. ஒரு குழி நிரம்பியதும் அடுத்ததற்குத் திருப்பிவிட்டு, முதல் குழியை முழுசாக இரண்டு வருஷம் ஆறவிட்டால் உள்ளே இருப்பது நாற்றமில்லாத உரமாகிவிடும். இரண்டு குழிக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். கிணற்றிலிருந்தும் ஊற்றிலிருந்தும் 10 மீட்டராவது தள்ளி, அதுவும் ஊற்றுக்குக் கீழ்ப்பக்கமாகத்தான் இருக்க வேண்டும். சரிவில் மேல்பக்கம் என்றால் 10 மீட்டர் கணக்கு செல்லாது. பாறை இடுக்கு உள்ள இடத்திலும் செல்லாது, அந்த இடுக்கு வழியாகக் கழிவு வெகுதூரம் ஓடும். தகுதியுள்ள வீடுகளுக்குத் தூய்மை பாரதம் திட்டத்தில் 12,000 ரூபாய் கிடைக்கும், ஊராட்சியில் கேளுங்கள்.

மழைக்காலத்தில் இரண்டடி தோண்டினாலே தண்ணீர் ஊறும் இடத்தில் குழி வேண்டாம். அங்கே அடி பூசிய டேங்க்தான் வேண்டும், கசடு எடுக்க வழியோடு.

டேங்க் அடைச்சுக்கிச்சு. ஆளைக் கூப்பிட்டு இறக்கிடலாமா?

இறக்கவே கூடாது. மனிதர் கையால் கழிவு அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். உள்ளே தேங்கிய வாயுவில் இறங்கியவர் சில நொடியில் விழுவார், காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். உறிஞ்சும் லாரியைத்தான் கூப்பிட வேண்டும்.

கழிப்பறை வீட்டை விட்டுத் தள்ளித்தான் இருக்கணும்னு பெரியவங்க சொல்றாங்க. நாங்க என்ன செய்ய?

வாட்டர் சீல் (வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்கும் அமைப்பு) உள்ள பேசினில் நாற்றம் மேலே வராது, அதனால் தள்ளி வைக்க இனிக் காரணமில்லை. ராத்திரி கரடியோ சிறுத்தையோ காட்டெருமையோ நிற்கும் வாசலைத் தாண்டிப் பெண்களும் வயதானவர்களும் போக வேண்டுமா? சுவரை ஒட்டியே கட்டுங்கள். தள்ளி இருக்க வேண்டியது குழிதான்.

கரடி சமையல்கட்டுக்கே வந்துடுது. குப்பையை என்ன பண்றது?

கரடிக்கு எண்ணெய் வாசனையும் வெல்லமும் போதும், கதவையே பெயர்க்கும். எண்ணெயை இறுக்கமான டப்பாவில் உள்ளறையில் வையுங்கள். மிச்சச் சாப்பாட்டை வாசலில் கொட்டாதீர்கள், அதுதான் குரங்கையும் காட்டுப்பன்றியையும், அவற்றின் பின்னால் நாயையும், நாயைத் தேடிச் சிறுத்தையையும் கூட்டிவரும். காய்கறித் தோலை மூடி போட்ட உரத்தொட்டியில் உலர்ந்த சருகோடு போடுங்கள். குளிரில் மெதுவாகத்தான் மட்கும், இரண்டு தொட்டி வைத்துக்கொண்டால் நெருக்கடி இல்லை. சமைத்த மிச்சம், மீன், இறைச்சிக் கழிவை மட்டும் குப்பை வண்டி வரும் காலையில் வெளியே எடுங்கள்.

வீட்டைச் சுத்தி புதர் இருந்தா என்ன? பச்சையாத்தானே இருக்கு?

எலி இருக்கும் புதரில் கண்ணுக்குத் தெரியாத உண்ணிப்பூச்சிகள் இருக்கும். அவை கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வரும், மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில் அதிகம். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் வலியில்லாத, கறுத்த சுட்ட புண் போன்ற தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டால் மாத்திரையிலேயே சரியாகும், தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கும். வீட்டைச் சுற்றிப் புல்லை வெட்டி வையுங்கள். விறகை மண்ணில் குவிக்காமல் பலகை மேல் அடுக்குங்கள்.

லைன் வீட்டுல ஒரே ரூம், ஆறு பேர். இதுல சுகாதாரத்துக்கு நாங்க என்னதான் பண்ண முடியும்?

உங்களால் முடிந்ததும் உண்டு, உங்கள் பொறுப்பு அல்லாததும் உண்டு. ஒரே அறை வீடு என்றால் அந்த அறை குறைந்தது 9.5 சதுர மீட்டர் என்கிறது கட்டட விதித் தொகுப்பு. பத்துக்குப் பத்து அறை அதைக்கூட எட்டாது. அதில் ஆறு பேர் படுப்பது உங்கள் குறை இல்லை. தோட்டத் தொழிலாளருக்கு வீடு, குடிநீர், கழிப்பறை தருவது நிர்வாகத்தின் கடமை என்பது 1951-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது, புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஒழுகும் கூரை, உடைந்த கழிப்பறை பற்றித் தனியாகக் கேட்காமல் லைன் முழுக்கச் சேர்ந்து எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை தலையும் காலும் மாற்றிப் படுங்கள், முகத்துக்கு நேரே முகம் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் யாருக்காவது இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், இலவசம்தான். காசநோய் பரவுவது இப்படி அடைத்த அறைகளில்தான், முதல் கேள்வியில் சொன்ன ஜன்னல் விஷயம் இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

மேல் வீட்டு டேங்க் தண்ணி எங்க பின்சுவர்ல கசியுது. சொன்னா சண்டைக்கு வர்றாங்க. எப்படி நிரூபிக்கிறது?

முதலில் அது ஓதமா கழிவா என்று பிரியுங்கள். மழை விட்டுப் பல நாள் ஆகியும் கசிவு நிற்காமல், நாற்றமும் இருந்தால் கழிவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஊற்றுக் கேள்வியில் சொன்ன பாட்டில் சோதனையைக் கசிவு நீரில் செய்து பாருங்கள். மேல் வீட்டார் சம்மதித்தால் அவர்கள் கழிப்பறையில் உணவுக்குப் போடும் கலர்ப்பொடியை நிறையக் கரைத்து ஊற்றி, கீழே நிறம் வருகிறதா என்று சில நாள் பார்க்கலாம். நிறம் வராவிட்டால் கசிவு இல்லை என்று அர்த்தமில்லை, களிமண் நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். வந்தால் சந்தேகமே இல்லை.

பேசும்போது நாற்றத்தை வைத்துத் தொடங்காதீர்கள். விடாமல் ஊறும் மண் இருவர் வீட்டுக்கும் நடுவே உள்ள மேட்டை இளக்குகிறது, அது சரிந்தால் அவர்கள் வீட்டு அஸ்திவாரம்தான் முதலில் வெளியே வரும் என்பதைச் சொல்லுங்கள். டேங்க் அடியைப் பூசுவதும் வழியும் நீரைக் குழாயில் பக்கவாட்டில் திருப்புவதும் இருவரும் பங்கு போட்டுக்கொள்ளக்கூடிய செலவுதான். அதற்கும் இறங்கி வரவில்லையென்றால் நகராட்சி அல்லது ஊராட்சியில் சோதனை முடிவோடும் தேதியிட்ட போட்டோக்களோடும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். சுவரிலோ மேட்டிலோ புது விரிசல் தெரிந்தால் பதிலுக்குக் காத்திருக்காமல் அன்றிரவே பின்னறையில் படுப்பதை நிறுத்திவிட்டு, மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லிவிடுங்கள்.